காத்து இழுக்குற குதிரைக்கு புல்லு எதுல போடுறது: ரேக்கா, டிரம்மா, வலையா?

கிண்டி, ஊட்டி, பெங்களூர்னு ரேஸ் ஓடி முடிச்ச தரோபிரெட் (ரேஸுக்குன்னே வளக்குற ஜாதி) குதிரைய வாங்கி லாயத்துல கட்டினவங்க நிறைய பேர் இத பாத்திருப்பீங்க. கதவு விளிம்புல முன்பல்ல ஊனி, கழுத்த வளைச்சு, ஒரு ஏப்பச் சத்தத்தோட காத்த உள்ள இழுக்கும். இதுக்கு பேரு தான் கிரிப்பிங். மத்த ஜாதிய விட தரோபிரெட்ல இது ஜாஸ்தி.

எந்த தொட்டி வச்சாலும் இந்த பழக்கம் முழுசா நிக்காது, அத நம்பி காசு போடாதீங்க. பாக்க வேண்டியது ரெண்டு தான்: பல்லு ஊன விளிம்பு இருக்கா, புல்லு எவ்ளோ நேரம் தாங்குது. குதிரை வயித்துல ஆசிட் நாள் முழுக்க சுரந்துட்டே இருக்கும், அந்த ஆசிட்ட தணிக்கிற எச்சி மட்டும் மென்னா தான் ஊறும், வெளிய விட்டா ஒரு நாளைக்கு 16 மணி நேரம் வரைக்கும் மேயுற ஜீவன், அத கட்டி வச்சு காலைல ஒரு கட்டு சாயங்காலம் ஒரு கட்டுன்னு போட்டா நடுவுல அது வேற என்ன தான் பண்ணும்?

மூலைல அடிக்கிற இரும்பு ரேக்க நான் கழட்டத்தான் சொல்வேன். தலைக்கு மேல இருந்தா தூசி பூரா கண்ணுலயும் மூக்குலயும் கொட்டும், நெஞ்சு உயரத்துக்கு இறக்கினா அந்த கம்பியே பல்லு ஊன வாகா போயிடும், மேல் முன்பல்லு தேயும். சிமெண்ட் தொட்டியும் இதே கேஸ் தான்.

நீல பிளாஸ்டிக் டிரம்ம பாதியா அறுத்து தரைல வைக்கிறது எவ்ளவோ தேவல. தலைய குனிஞ்சு திங்கிறது தான் அதுக்கு இயல்பு. டிரம் நகர்ந்துட்டே இருக்குறதால கடிச்சு இழுக்க பிடிமானம் கிடைக்காது, அத போய் சுவத்தோட சேத்து ஆணி அடிச்சுடாதீங்க. அறுத்த விளிம்பு கையையே கிழிக்கும், பழைய ஹோஸ் பைப்ப நீளவாக்குல கீறி சுத்தி மாட்டிடுங்க. குறை என்னன்னா, சீக்கிரமே தின்னு தீத்துடும். மேல இரும்பு கிரில் போட்டு மெதுவா திங்க வைக்கிற ஸ்லோ ஃபீடர் கிடைக்குது, சாதா குதிரைக்கு ஓகே, நம்ம ஆளுக்கு பல்லு ஊன அந்த கிரில் கம்பியே போதும்.

என் ஓட்டு ஹே நெட்டுக்கு, அதாவது புல்ல அடைச்சு தொங்க விடுற வலைக்கு தான். தொளதொளன்னு ஆடுறதுல பல்ல எங்க ஊன்றது? 3-4 சென்டிமீட்டர் கண்ணு உள்ள வலைன்னா உதட்டால கொஞ்சம் கொஞ்சமா உருவி திங்கும், 450 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்கு சுமார் 9 கிலோ காஞ்ச புல்லு கணக்கு, அத ரெண்டு வலையா பிரிச்சு ரெண்டு மூலைல கட்டினா ராத்திரியும் ஓடும். ஆனா கட்டுறதுல கவனம். லாடம் அடிச்ச குதிரை முன்னங்கால தூக்கி வலைல மாட்டிக்கிச்சுன்னா அவ்ளோ தான், அதனால வலை நிறைஞ்சிருக்கும்போது உயரம் பாக்காதீங்க, காலியானா எவ்ளோ தொங்கும்னு பாருங்க. கயித்த வளையத்துல விட்டு, வலையோட அடிக்கண்ணுல கோத்து, திரும்ப மேல இழுத்து, ஒரே இழுப்புல அவுர்ற மாதிரி முடிச்சு போடணும்.

பச்சையா வெட்டின கோ-4 (கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்) ரகத்துக்கு சின்ன கண்ணு சரிப்படாது, தண்டு தடி, வெளிய வராது, குதிரைக்கு கடுப்பு தான் ஏறும். காஞ்ச குதிரைமசால்ல இலை பூரா உதிர்ந்து கீழ போகும், மணல் தரைன்னா அதோட மண்ணையும் சேத்து தின்னு வயித்துவலில போய் முடியும், கீழ ஒரு ரப்பர் மேட் போட்டுடுங்க.

கதவு விளிம்பு எப்படியும் அங்கயே தான் இருக்கும், அதுல மொளகா கரைச்சு பூசுறவங்களும் உண்டு, எனக்கு அதுல இஷ்டமில்ல. ஓட்ஸ், வெல்லம் கலந்த தீனின்னு ருசியா போட்ட உடனே தான் கிரிப்பிங் ஏறும், அதனால வலைய முதல்ல கட்டி கொஞ்ச நேரம் மேய விட்டுட்டு, அப்புறம் தீனிய ஒரு ரப்பர் பேசின்ல தரைல வைங்க, தின்னு முடிச்சதும் பேசின வெளிய எடுத்துடுங்க.