சேனலும் ஓடிடியும்: பல வருடம் சேர்த்துப் பார்த்த பிறகு

ஓடிடி சேவைகளைப் பற்றி வரும் விமர்சனங்கள் பெரும்பாலும் முதல் மாத அனுபவத்தோடு முடிந்துவிடுகின்றன. படம் தெளிவாக இருக்கிறதா, ஆப் வேகமாகத் திறக்கிறதா, புதிதாக என்ன வந்திருக்கிறது என்பதுதான் அவற்றில் இருக்கும். இந்த விஷயங்களில் இன்று பெரிய சேவைகளுக்குள் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. டிவி சேனல்களையும் ஓடிடியையும் பல வருடமாகச் சேர்த்தே பார்த்து வருவதால் எனக்குச் சொல்லத் தோன்றுவது வேறு. ஒரு தொடர் மனதில் ஒட்டுவதற்கு நாள் பிடிக்கும். அந்த அவகாசத்தைக் கொடுக்கும் பொறுமை சேனல்களிடம் ஓரளவு இருந்தது. ஓடிடிகளுக்குள் போட்டி முற்ற முற்ற அது குறைந்துகொண்டே போகிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். நெட்ஃபிளிக்ஸ் 2007-ல் ஸ்ட்ரீமிங்கைத் தொடங்கி, 2013-ல் தன் சொந்தத் தொடரின் முழு சீசனையும் ஒரே நாளில் வெளியிட்டபோது பார்வையாளருக்குக் கிடைத்த சுதந்திரம் சாதாரணமானதல்ல. நினைத்த நேரத்தில் பார்க்கலாம், விட்ட இடத்தில் தொடரலாம், அப்போது விளம்பரமும் இல்லை. எனக்கு இவற்றைவிடப் பெரிய லாபம் சப்டைட்டில்தான். கொரியன், ஸ்பானிஷ், டேனிஷ் தொடர்களையெல்லாம் என் கண்ணில் காட்டியது ஓடிடிதான். எந்தச் சேனலை நம்பியிருந்தாலும் அவை எனக்குக் கிடைத்திருக்காது.

ஆனால் மொத்தமாக வந்ததை மொத்தமாகவே பார்த்து முடித்த தொடர்களில் எத்தனை நினைவில் நிற்கின்றன என்று யோசித்தால், மிகக் கொஞ்சம்தான். அடுத்த சீசன் வர இரண்டு வருடம் ஆகிவிடுகிறது. அதற்குள் யார் யாருக்கு என்ன உறவு என்பதே மறந்துபோகிறது. வாரம் ஒரு பகுதியாகப் பார்த்தவை அப்படி இல்லை. நடுவில் ஆறு நாள் அதைப் பற்றி யோசிக்கிறோம், நண்பர்களிடம் பேசுகிறோம், அடுத்து என்ன நடக்கும் என்று ஊகிக்கிறோம். 2019 நவம்பரில் தொடங்கிய டிஸ்னி பிளஸ், ஆப்பிள் டிவி பிளஸ் இரண்டுமே தங்கள் முக்கியத் தொடர்களை வார முறையில் வெளியிட்டது எனக்குச் சரியான முடிவாகவே பட்டது. இப்போது நெட்ஃபிளிக்ஸும் தன் பெரிய தொடர்கள் சிலவற்றின் சீசனைப் பிரித்து வெளியிடுகிறது.

பார்வையாளர் ஆர்வம் எங்கே இருக்கிறது என்பதற்கு அமெரிக்காவில் யார் எதைப் பார்க்கிறார்கள் என்று அளக்கும் நீல்சன் நிறுவனம் எடுத்த கணக்கைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து இல்லை. 2020-ல் அங்கே ஸ்ட்ரீமிங்கில் அதிகம் பார்க்கப்பட்ட தொடர் தி ஆஃபீஸ் என்ற நகைச்சுவைத் தொடர். 5,710 கோடி நிமிடங்கள்! அது என்பிசி சேனலில் 2005-ல் தொடங்கிய தொடர். முதல் சீசன் ஆறே பகுதிகள், ரேட்டிங்கும் பெரிதாக இல்லை. இருந்தும் சேனல் அதை நிறுத்தாமல் ஓடவிட்டது, 2013 வரை ஒன்பது சீசன் வந்தது. 2023-ல் அந்தச் சாதனையை முறியடித்தது சூட்ஸ் என்ற வக்கீல்கள் பற்றிய தொடர், 5,770 கோடி நிமிடங்கள். அதுவும் யுஎஸ்ஏ நெட்வொர்க் என்ற கேபிள் சேனலில் 2011 முதல் 2019 வரை ஒளிபரப்பாகி முடிந்த தொடர்தான். கோடிகோடியாகச் செலவழித்து எடுத்த புதுத் தொடர்கள் வரிசையாக இருக்கும்போது, சேனல்கள் வருடக்கணக்கில் வளர்த்தெடுத்த பழைய தொடர்களைத்தான் மக்கள் தேடிப் போயிருக்கிறார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட பகுதிகள், நமக்கு நன்றாகப் பழகிய முகங்கள், எப்போது போட்டாலும் உள்ளே நுழைய ஒரு கதவு. எட்டுப் பகுதியோடு முடியும் சீசன்களால் இந்தப் பழக்கத்தை உண்டாக்க முடியவில்லை.

இன்று அதே தி ஆஃபீஸ் ஓர் ஓடிடியில் புதிதாக வந்தால் இரண்டாவது சீசனைப் பார்க்குமா? எனக்குச் சந்தேகம்தான். வெளியான முதல் சில வாரங்களில் எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள் என்பதை வைத்தே தொடரின் ஆயுள் முடிவாகிறது என்ற எண்ணம் பார்வையாளர்களிடம் ஆழமாக வேரூன்றிவிட்டது. பாதியில் நின்றுபோன தொடர்களால் நானும் தயங்கப் பழகிவிட்டேன். இரண்டு சீசனாவது வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று ஒதுக்கி வைக்கிறேன். என்னைப் போல எல்லோரும் ஒதுக்கி வைத்தால் அந்தத் தொடருக்கு முதல் மாதத்தில் பார்வையாளர் எங்கிருந்து வருவார்கள்? போட்டியின் அவசரம் தனக்குத் தானே குழி தோண்டிக்கொள்ளும் இடம் இது.

ஆர்வத்தை அளக்கும் விதமும் ஒரே மாதிரி இருந்ததில்லை. நெட்ஃபிளிக்ஸ் முன்பு ஒரு பகுதியில் 70 சதவீதம் ஓடினால்தான் பார்த்ததாகக் கொண்டது. பிறகு இரண்டு நிமிடம் பார்த்தாலே கணக்கு என்றது. 2021-ல் மொத்த மணிநேரத்துக்கு மாறி, 2023-ல் அந்த மணிநேரத்தைத் தொடரின் நீளத்தால் வகுக்கத் தொடங்கியது. ஒரே தொடர் ஒரு கணக்கில் வெற்றி, இன்னொன்றில் சுமார். பிடித்துப்போய் ஒன்றையே மூன்று முறை பார்க்கும் ரசிகரையும், தூங்கிவிட்டதால் திரை தானாக ஓடிக்கொண்டிருக்கும் வீட்டையும் இந்தக் கணக்குகள் எதுவும் பிரித்துக் காட்டுவதில்லை.

பயன்பாட்டில் எனக்கு அதிகம் வலித்தது தொடர்கள் காணாமல் போவதுதான். வாடகை உரிமம் முடிந்து வெளியார் படைப்பு போவது புரிகிறது. ஆனால் 2022, 2023-ல் வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரியும் டிஸ்னியும் செலவைக் குறைக்கத் தங்கள் சொந்தத் தயாரிப்புகளையே தளத்திலிருந்து எடுத்தன. நான் சந்தா கட்டிய ஒரு சேவையில் பாதி பார்த்த தொடர் ஒன்று என் பட்டியலிலிருந்தே மறைந்துபோனது. முன்னறிவிப்பு எதுவும் கண்ணில் படவில்லை. வாடிக்கையாளர் உதவிக்கு எழுதியபோது உள்ளடக்கம் மாறுதலுக்கு உட்பட்டது என்ற ஒற்றை வரிதான் பதிலாக வந்தது. குறுந்தகடாக வெளிவராத தொடர் என்றால் அதை நேர்மையான வழியில் பார்க்க இடமே இல்லை. இதை நான் சின்னக் குறையாக எடுத்துக்கொள்ளத் தயாராக இல்லை.

தேடும் சிரமத்தையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நிறுவனமும் தன் படைப்புகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு தனி ஓடிடி தொடங்கியதால் எது எங்கே இருக்கிறது என்பதே பெரிய வேலையாகிவிட்டது. ஒன்றைத் தேர்ந்தெடுக்கவே சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகிறது என்று 2023-ல் நீல்சனின் துணை நிறுவனமான கிரேஸ்நோட் சொன்னது. என் அனுபவத்தில் இது குறைவான மதிப்பீடு. முகப்புத் திரையில் முதலில் வருவது அவர்கள் விற்க நினைப்பது. நான் பாதியில் விட்ட தொடரைத் தேடிக் கீழே இறங்க வேண்டியிருக்கிறது.

விளம்பரம் மீண்டும் வந்துவிட்டது. நெட்ஃபிளிக்ஸும் டிஸ்னி பிளஸும் 2022 கடைசியில் விளம்பரத்தோடு கூடிய சந்தாவைத் தொடங்கின, பிரைம் வீடியோ 2024-ல் பின்தொடர்ந்தது. விளம்பரத்தையே தவறு என்று சொல்ல மாட்டேன், சேனல்கள் அதில்தான் வாழ்ந்தன. ஆனால் சேனல் தொடர்களை எழுதியவர்கள் இடைவேளை எங்கே வரும் என்று தெரிந்து, அங்கே ஒரு திருப்பம் வைத்து எழுதினார்கள். அப்படி எழுதப்படாத தொடரில் வசனத்தின் நடுவே விளம்பரம் விழும்போது காட்சி உடைந்துபோகிறது.

நேரலைக்கு இன்றும் என் தேர்வு டிவி ஒளிபரப்புதான். ஸ்ட்ரீமிங்கில் பல நொடிகள், சில சமயம் அரை நிமிடம் வரைகூடப் பின்தங்குகிறது. கோல் விழுவதற்கு முன்பே போனில் செய்தி வந்துவிடுகிறது.

இவ்வளவுக்குப் பிறகும் காற்று ஓடிடி பக்கம்தான். 2025 மே மாதத்தில் அமெரிக்க டிவி திரைகளில் ஸ்ட்ரீமிங்கின் பங்கு 44.8 சதவீதம். கேபிள் சேனல்களும் என்பிசி போன்ற பொது ஒளிபரப்புச் சேனல்களும் சேர்ந்தே 44.2 சதவீதம்தான். ஸ்ட்ரீமிங்கில் முதலிடம் யூடியூபுக்கு. அதில் நான் தொடர்ந்து பார்ப்பவர்கள் எல்லோரும் வாராவாரம், பெரும்பாலும் ஒரே கிழமையில் வருகிறவர்கள் என்பதைக் கவனித்திருக்கிறேன். இன்னொரு பக்கம் புளூட்டோ டிவி போன்றவை இலவசமாக, வரிசையாக ஓடும் சேனல்களையே இணையத்தில் தருகின்றன. தேடாமல் போட்டதும் ஏதோ ஒன்று ஓடட்டும் என்ற விருப்பம் நம்மிடம் போகவே இல்லை.

இப்போது நான் ஒரு நேரத்தில் ஒரு சந்தாதான் வைத்திருக்கிறேன். பார்க்க வேண்டியதைப் பார்த்து முடித்ததும் நிறுத்திவிட்டு அடுத்ததற்குப் போகிறேன். அடுத்த பகுதி தானாக ஓடும் வசதியை எல்லா இடத்திலும் அணைத்துவிட்டேன். நிரந்தரமாக ஒரு சேவையில் நான் தங்க வேண்டுமென்றால் அவர்கள் இரண்டு விஷயம் செய்தால் போதும். இந்தத் தொடர் ஒரே சீசனில் முடிகிறதா, அடுத்தது உறுதியா என்பதைத் தொடரின் பக்கத்திலேயே சொல்லட்டும். தளத்தை விட்டுப் போகும் எதற்கும் ஒரு மாதம் முன்பே தேதி போடட்டும், அது அவர்கள் சொந்தத் தயாரிப்பாக இருந்தாலும்.