பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுறாவா, கெம்போங்கா (கானாங்கெளுத்தி மீன்)?

மலேசியாவின் பாகான் டத்தோ சந்தையில் பத்தியத்துக்கு மீன் வாங்கும் பாட்டிமாருக்கு இந்தக் குழப்பம் உண்டு.

முள்: சுறாவில் குருத்தெலும்புதான், வெந்தால் சதை பஞ்சாக உதிரும். கெம்போங்கில் முள் பார்த்துச் சாப்பிட வேண்டும்.

பாதரசம்: சுறாவில் அதிகம் சேரும், கெம்போங்கில் குறைவு. பாலூட்டும் தாய்மார் சுறாவைத் தவிர்க்க வேண்டும் என்பதே மருத்துவ அறிவுரை.

பெருக்கம்: கெம்போங் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். பால் சுறாவோ ஏறக்குறைய ஓராண்டு சுமந்து, பெரும்பாலும் 2 முதல் 5 குட்டிகளே ஈனும். சந்தைத் தட்டில் முழங்கை நீளத்தில் கிடப்பது இன்னும் பருவமடையாத குட்டி. அதன் மார்புத் துடுப்புகளுக்கு நடுவே தொப்புள் வடுவைத் தொட்டிருக்கிறேன், மனம் கேட்கவில்லை.

தாய்க்குக் கெம்போங்கே சரி. சுறாப் புட்டின் ருசிதான் வேண்டுமென்றால், முள்ளெடுத்த கெம்போங்கைப் பூண்டு நிறையத் தட்டிப்போட்டு உதிர்க்கலாம். முள்ளுக்கு அஞ்சும் பெரியவர்களுக்கு மட்டும், எப்போதாவது சுறா.