பாய்மரப் படகில் 21 கிலோ ஜெனரேட்டர்: இரண்டு பருவங்கள் பயன்படுத்திய பின்

எங்கள் பாய்மரப் படகு 11 மீட்டர் நீளமுள்ளது. துறைமுகத்து மின் இணைப்பை நம்பாமல், வாரக்கணக்கில் நங்கூரமிட்டே தங்குவது எங்கள் வழக்கம். குளிர்பெட்டி, விளக்குகள், வழிகாட்டும் கருவிகள், இரண்டு மடிக்கணினிகள் என எல்லாம் சேர்ந்து, 12 வோல்ட் பேட்டரிகளிலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 ஆம்பியர் மணி மின்சாரத்தை எடுத்துக்கொள்கின்றன. நல்ல வெயில் நாளில் 300 வாட் சூரியத் தகடுகள் அதை ஈடுகட்டிவிடும். வானம் மூடிக்கொண்டு மூன்று நாள் ஆகிவிட்டால்தான் கணக்கு உதைக்கும். அந்த மூன்றாம் நாளுக்காக வாங்கியதே இங்கே மதிப்பிடப்படும் இன்வெர்ட்டர் வகைப் பெட்ரோல் ஜெனரேட்டர்.

உச்சத்தில் 2000 வாட், தொடர்ந்து ஓடும்போது 1600 வாட், எடை 21 கிலோ, தொட்டியின் கொள்ளளவு 3.6 லிட்டர். இந்த அளவில் பல நிறுவனங்களின் இயந்திரங்கள் கிடைக்கின்றன. அமைப்பில் அவை பெரும்பாலும் ஒன்றையொன்று ஒத்திருப்பதால், கீழே வரும் குறைநிறைகளில் பலவும் எல்லாவற்றுக்கும் பொருந்தும். விளம்பரத்தில் இதைக் ‘கையடக்கம்’ என்கிறார்கள். ஆடும் படகில், உப்புநீர் பட்டு வழுக்கும் தளத்தில், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் 21 கிலோவைத் தூக்கிப் பார்த்தவர்கள் அந்தச் சொல்லைப் பயன்படுத்த மாட்டார்கள்.

மாற்று வழிகள் இல்லாமல் இல்லை. படகின் டீசல் எஞ்சினையே ஓட்டி அதன் ஆல்டர்னேட்டர் மூலம் பேட்டரிகளுக்கு மின்னேற்றலாம். ஆனால் முப்பது நாற்பது குதிரைத்திறன் கொண்ட எஞ்சினை ஒரு கிலோவாட் வேலைக்காகத் தினமும் மணிக்கணக்கில் போதிய சுமையின்றி ஓட்டினால், சிலிண்டர் சுவர்கள் பளபளப்பாகித் தேய்ந்து, அது எண்ணெய் குடிக்கத் தொடங்கும். படகுக்குள்ளேயே நிரந்தரமாகப் பொருத்தும் டீசல் ஜெனரேட்டர் சிறந்ததுதான் என்றாலும், அதன் எடை நூறு கிலோவைச் சுற்றி இருக்கும்; எங்கள் அளவுப் படகில் அதற்கு இடம் தேடுவதற்குள் யாராவது ஒருவருடைய படுக்கை போய்விடும்.

இயந்திரத்தின் நல்ல பக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய வகை ஜெனரேட்டர், தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே வேகத்தில் சுழன்றால்தான் சரியான அதிர்வெண்ணைத் தரும். இன்வெர்ட்டர் வகையில், எஞ்சின் எந்த வேகத்தில் ஓடினாலும் கிடைக்கும் மின்சாரம் முதலில் நேர்மின்சாரமாக மாற்றப்பட்டு, பிறகு மின்னணுச் சுற்றால் சீரான சைன் அலையாக உருவாக்கப்படுகிறது. ஆகவே சுமை குறையும்போது எஞ்சினும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. ஒலியும் எரிபொருளும் மிச்சமாகின்றன. மடிக்கணினி, பேட்டரி சார்ஜர் போன்ற மென்மையான கருவிகள் எதற்கும் இரண்டு பருவங்களில் ஒரு தீங்கும் நேரவில்லை. எஞ்சினைத் தொடங்கும் இழுகயிறு இரண்டாம் இழுப்புக்கு மேல் கேட்டதும் அரிது.

ஆனால் முதல் நாளே ஏமாற்றம் காத்திருந்தது. எங்களிடம் ஏற்கெனவே 80 ஆம்பியர் சார்ஜர் இருந்தது. 2000 வாட் ஜெனரேட்டர் எந்தச் சார்ஜரையும் சுமக்கும் என்று விற்றவர் உறுதி சொல்லியிருந்தார். இணைத்து ஓட்டியதும் எஞ்சின் ஒருமுறை உறுமியது, சிவப்பு விளக்கு எரிந்தது, மின்சாரம் நின்றது. மீண்டும் தொடங்கினேன், மீண்டும் அதே கதை. குறை ஜெனரேட்டரில் இருக்கிறது என்று அரைநாள் அதைத் திட்டிக்கொண்டிருந்தேன். காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே உண்மை விளங்கியது. 80 ஆம்பியரை 14.4 வோல்ட்டால் பெருக்கினால் 1152 வாட். சார்ஜரின் செயல்திறன் 85 விழுக்காடு என்று கொண்டால், அது உள்ளே இழுப்பது சுமார் 1355 வாட். இதுவரை எல்லாம் சரிதான். ஆனால் பழைய வகைச் சார்ஜர்களின் திறன்காரணி, அதாவது பவர் ஃபேக்டர் (இழுக்கும் மின்சாரத்தில் உண்மையில் வேலையாக மாறும் பங்கு), 0.65 அளவிலேயே இருக்கும். 1355-ஐ 0.65-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 2085 வோல்ட் ஆம்பியர். ஜெனரேட்டர் பார்ப்பது இந்த எண்ணைத்தான். அதன் தொடர்திறனோ 1600.

உடனடித் தீர்வாக, சார்ஜரின் அமைப்பில் மின்னோட்டத்தை 50 ஆம்பியருக்குக் குறைத்தேன். இழுவை 1300 வோல்ட் ஆம்பியர் ஆனது, ஜெனரேட்டர் சளைக்காமல் ஓடியது. அடுத்த பருவத்தில், திறன்காரணித் திருத்தம் உள்ளமைந்த புதிய 80 ஆம்பியர் சார்ஜரை வாங்கிப் பொருத்தியதும், அதே ஜெனரேட்டர் அதன் முழு மின்னோட்டத்தையும் மூச்சுத் திணறாமல் கொடுத்தது. இந்த வாங்குதலில் என்னைக் கேட்டால், ஜெனரேட்டர் எது என்பதைவிடச் சார்ஜர் எது என்பதுதான் பெரிய கேள்வி. விற்பனைப் பக்கங்களில் ஜெனரேட்டரின் வாட் கணக்கை எவ்வளவு பெரிய எழுத்தில் போட்டாலும், பேட்டரிக்குள் போவது எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது அந்தச் சிறிய பெட்டிதான். ஜெனரேட்டரின் முகப்பில் 12 வோல்ட் துளை ஒன்றும் உண்டு; 8 ஆம்பியர் மட்டுமே தரும் அதைப் படகின் பேட்டரித் தொகுதிக்குப் பயன்படுத்த நினைப்பவர்கள் நினைக்காமலிருப்பதே நல்லது.

இதோடு பேட்டரியின் குணத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எங்களுடையவை மொத்தம் 440 ஆம்பியர் மணி கொண்ட காரீய அமில வகை பேட்டரிகள். அவை ஏறத்தாழ 80 விழுக்காடு நிறையும் வரை கொடுத்ததை எல்லாம் வாங்கிக்கொள்ளும்; அதன் பிறகு மின்னோட்டம் படிப்படியாக வடிந்துவிடும். கடைசி 20 விழுக்காட்டுக்காக ஜெனரேட்டரை ஓட்டுவது, ஒரு தம்ளர் தண்ணீருக்காக லாரியை வரவழைப்பது போன்றது. ஆகவே நாங்கள் காலையில், பேட்டரி 55 விழுக்காட்டில் இருக்கும்போது தொடங்கி, ஒன்றரை மணி நேரத்தில் 80-ஐ எட்டியதும் நிறுத்திவிட்டு, மிச்சத்தைச் சூரியத் தகடுகளிடம் விட்டுவிடுகிறோம். பெட்ரோல் ஒன்றேகால் லிட்டர் அளவு ஆகிறது. லித்தியம் பேட்டரி வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அது ஏறக்குறைய நிறையும் வரை முழு மின்னோட்டத்தையும் ஏற்றுக்கொள்ளும்.

இனி, இதை வாங்கலாமா வேண்டாமா என்று தயங்குபவர்கள் கட்டாயம் படிக்க வேண்டிய பகுதி. ஜெனரேட்டரைக் காக்பிட்டுக்கு (சுக்கான் பிடிப்பவர் அமரும் திறந்த பள்ளத்துக்கு) பின்னால், படகின் பின்முனைத் தளத்தில், புகை கடலைப் பார்க்கும்படி வைத்து ஓட்டுவோம். நங்கூரமிட்ட படகு காற்றை எதிர்கொண்டு நிற்கும். எனவே பின்னால் வரும் புகை பின்னாலேயே போய்விடும். இது புத்தகக் கணக்கு. ஒரு காலை, தொடங்கி நாற்பது நிமிடம் கழிந்திருக்கும், கேபினுக்குள் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி காது கிழியக் கத்தியது. மூக்குக்கு ஒன்றும் தெரியவில்லை. மேலே ஓடி வந்து பார்த்தால் காற்று மாறியிருக்கவில்லை, மாறியது ஓதம் (கடலின் ஏற்றவற்றம்). நீரோட்டம் திசை திரும்பியதும் ஆழமான அடிக்கட்டை கொண்ட எங்கள் படகு காற்றுக்குக் கட்டுப்படாமல் நீருக்குக் கட்டுப்பட்டு, முதுகைக் காற்றுக்குக் காட்டி நின்றுகொண்டிருந்தது. புகைக்குழாயிலிருந்து வந்த புகை நேராக காக்பிட்டைக் கடந்து, படிவாசல் வழியாகக் கேபினுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. என் மனைவி உள்ளே உறங்கிக்கொண்டிருந்தார்.

இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை; குருதியிலுள்ள ஹீமோகுளோபினோடு பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றுடன் ஒட்டிக்கொள்ளும். 2013 ஏப்ரலில் இங்கிலாந்தின் விண்டர்மியர் ஏரியில், ஆர்னிஸ்டன் என்ற விசைப்படகில் தாயும் மகளும் உயிரிழந்தது இதனால்தான். அங்கே கையில் தூக்கும் ஜெனரேட்டர் ஒன்றைப் படகின் எஞ்சின் அறைக்குள் வைத்து, தாமே அமைத்த புகைக்குழாயை அதனோடு இணைத்திருந்தார்கள். வெளியில் வைத்து ஓட்டப் படைக்கப்பட்ட இயந்திரத்தை எந்தச் சாமர்த்தியத்தாலும் பெட்டிக்குள் அடைக்கக் கூடாது. எங்கள் படகில் இப்போது மூன்று எச்சரிக்கைக் கருவிகள் இருக்கின்றன. ஓத அட்டவணையைப் பார்க்காமல் ஜெனரேட்டரைத் தொடங்குவதில்லை. அது ஓடும் நேரத்தில் யாரும் உறங்குவதும் இல்லை.

பெட்ரோல் இரண்டாவது கவலை. அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. சிந்தினால் வழிந்து படகின் அடிவயிற்றில், பில்ஜில், தேங்கி நிற்கும். கடலுக்கென்று செய்யப்படும் மின்கருவிகள் பலவும் தீப்பொறி வெளியே வராதபடி காக்கப்பட்டிருக்கும். இந்த ஜெனரேட்டரில் அந்தக் காப்பு கிடையாது. ஆகவே நிரப்பியபடி இதை மூடிய அறையில் வைக்க முடியாது. தொட்டியையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் காலி செய்து, கடலுக்கு வடியும் துளையுள்ள பின்பக்கப் பெட்டகத்தில்தான் வைக்கிறோம். சூடாக இருக்கும்போது நிரப்புவதே இல்லை. கரைக்குப் போய்வரும் சிறுபடகின் வெளிப்பொருத்து எஞ்சினுக்குப் பெட்ரோல் எப்படியும் வைத்திருப்போம் என்பது ஒரு வசதிதான். ஆனால் அது டூ ஸ்ட்ரோக் எஞ்சினாக இருந்தால் அந்தப் பெட்ரோலில் எண்ணெய் கலந்திருக்கும். நான்கு ஸ்ட்ரோக் ஜெனரேட்டரில் அதை ஊற்றினால் ஸ்பார்க் பிளக் கரி பிடித்துவிடும். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்க வேண்டாம். இப்போது கேன்களுக்கு வேறு வேறு நிறம்.

மின் இணைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். கரை மின்சாரத்துக்கான துளையிலேயே ஜெனரேட்டரின் கம்பியையும் செருகுகிறோம். அதனால் இரண்டு மின்சாரமும் ஒரே நேரத்தில் மோத வழியில்லை. ஆனால் செருகியதும் பலகையிலிருக்கும் ‘துருவம் மாறியுள்ளது’ என்ற எச்சரிக்கை விளக்கு மங்கலாக எரிந்து எங்களைக் குழப்பியது. இந்த வகை ஜெனரேட்டர்களில் நியூட்ரல் கம்பி எர்த்தோடு இணைக்கப்படாமல் மிதந்துகொண்டிருப்பதுதான் காரணம். விளக்கு எரிவது சிறிய விஷயம். அந்த நிலையில், எர்த்துக்குக் கசியும் மின்சாரம் மூலத்துக்குத் திரும்ப வழியின்றி இருப்பதால், உயிர்காக்கும் கசிவுத் துண்டிப்பான் வேலை செய்யாமல் போகலாம் என்பதே பெரிய விஷயம். படகு மின்பணி தெரிந்த ஒருவரைக் கொண்டு, ஜெனரேட்டர் முனையிலேயே நியூட்ரலையும் எர்த்தையும் இணைக்கும் பிளக் ஒன்றைச் செய்து வாங்கினோம். கையேட்டில் இதைப் பற்றி இரண்டே வரிதான் இருந்தது என்பது என் மனக்குறை.

ஒலி விஷயத்தில் விளம்பரம் பொய் சொல்லவில்லை, முழுதும் சொல்லவும் இல்லை. 53 முதல் 59 டெசிபல் வரை என்பது 7 மீட்டர் தூரத்தில் எடுத்த அளவு. தூரம் பாதியாகக் குறையும்போதெல்லாம் 6 டெசிபல் கூடும். காக்பிட்டில் நாம் உட்காரும் இடம் இரண்டு மீட்டருக்குள் என்றால் 11, 12 டெசிபலைக் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான். அதற்கு மேல், கண்ணாடியிழைத் தளம் மத்தளத்தின் தோல் போல அதிர்வை வாங்கிக் கேபினுக்குள் அனுப்புகிறது. முதல் வாரம் அடுக்களை அலமாரியில் எவர்சில்வர் தம்ளர்கள் ஒன்றோடொன்று கிணுகிணுத்துக்கொண்டே இருந்தன. தடித்த ரப்பர் விரிப்பை அடியில் போட்டு, நான்கு மூலையிலும் இழுத்துக் கட்டிய பிறகு தம்ளர்கள் அடங்கின. பக்கத்துப் படகுக்காரர்கள் காற்றின் கீழ்ப்பக்கம் இருந்தால் புகையும் ஒலியும் அவர்கள் காலை உணவோடு கலக்கும் என்பதால், காலை எட்டுக்கு முன்பும் இருட்டிய பின்பும் நாங்கள் ஓட்டுவதில்லை.

படகில் மட்டுமே தலைகாட்டும் குறை ஒன்று உண்டு. எண்ணெய் குறைந்தால் எஞ்சினை நிறுத்திவிடும் காப்பு உணரி இதில் இருக்கிறது. நிலத்தில் அது வரம். பக்கவாட்டு அலை புகுந்து படகு தொட்டிலாடும் நங்கூரத் துறையில், உள்ளே எண்ணெய் ஒருபுறம் ஒதுங்கும் போதெல்லாம் உணரி ஏமாந்து எஞ்சினை அணைத்துவிடுகிறது. ஒரு பிற்பகல் ஐந்துமுறை இழுகயிற்றை இழுத்தேன். எண்ணெயை மேல் விளிம்பு வரை நிரப்பி, இயந்திரத்தை வேறு திசையில் திருப்பி வைத்தபோது ஓரளவு சரியானது. கடலில் பாய் விரித்துச் சாய்ந்து ஓடும்போது இதைப் பயன்படுத்தும் எண்ணத்தையே விட்டுவிட வேண்டும்.

பராமரிப்பு எளிது, உப்பு மட்டும் விடாது. எண்ணெய் கொள்ளளவு 0.4 லிட்டர்தான், முதல் 20 மணி நேரத்திலும் பிறகு 100 மணி நேரத்துக்கு ஒருமுறையும் மாற்ற வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை உறிஞ்சும் என்பதால், இரண்டு வாரம் ஓட்டாமல் விட்டால் கார்புரேட்டர் துளை அடைபடுகிறது. பிளாஸ்டிக் உறை புதியது போலவே இருக்கிறது. உள்ளே திருகுகளும் புகைக்குழாய்ச் சல்லடையும் முதல் பருவத்திலேயே துருவேறிவிட்டன.

முதல் பருவத்தில் 74 மணி நேரம் ஓட்டினோம். இரண்டாம் பருவத்தில் புதிய சார்ஜரோடு சூரியத் தகடுகளையும் 600 வாட் ஆக்கியதும், அது 19 மணி நேரமாகச் சுருங்கியது. இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்திருக்க வேண்டும்: முதலில் தகடுகள், அடுத்து சார்ஜர், அதன் பிறகும் குறை இருந்தால் ஜெனரேட்டர். இயந்திரத்துக்கு ஐந்தில் மூன்றரை கொடுப்பேன். நிலத்தில் வைத்துப் பயன்படுத்தியிருந்தால் நான்கரை கொடுத்திருப்பேன்.