ஆர்னால்ட் பாமர்னா டீயா, ஆளா?

பெட்ரோல் பங்க் கடையில ஃப்ரிட்ஜைத் திறந்து பையன் ஒரு கேனை எடுத்துக் காட்டி "அப்பா, இந்த தாத்தாதான் டீ கம்பெனி ஓனரா?"ன்னு கேட்டான். அமெரிக்காவுல இருக்கறவங்களுக்கு அந்த கேன் நல்லாத் தெரியும், அரிசோனா கம்பெனியோட ஆர்னால்ட் பாமர், பாதி ஐஸ் டீ பாதி லெமனேட், உசரமான கேன், விலை 99 சென்ட்டுன்னு கேன்லயே அடிச்சிருப்பாங்க. இல்லடா, அவர் கோல்ஃப் ஆடினவர்னேன். "அப்ப எதுக்கு டீ கேன்ல இருக்கார்?" அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. பத்து வருஷமா குடிக்கறேன், ஒரு நாள் கூட யோசிச்சதில்ல.

சரி, இது அந்த கூல்டிரிங்க் பத்தின ரிவ்யூதான், ஆனா நடுவுல அந்த மனுஷன் கதைதான் நிறைய வரும், முன்னாடியே சொல்லிட்டேன்.

முதல்ல டேஸ்ட். டீயோட துவர்ப்பு முதல்ல வராது, எலுமிச்சைதான் முதல்ல நாக்குல படும், அப்புறம் இனிப்பு, கடைசியா தொண்டைகிட்ட போகும்போதுதான் லேசா டீ வாசம். நல்ல வெயில்ல, கார் ஏசி வேலை செய்யாத நாள்ல, நிறைய ஐஸ் போட்டுக் குடிச்சா அதுக்கு ஈடே கிடையாது. ஊர்லேர்ந்து வந்திருந்த மாமனார் ஒரு வாய் குடிச்சிட்டு "என்ன மாப்ள, நம்மூரு லெமன் டீயைத் தூக்கி ஐஸ் பெட்டியில வச்ச மாதிரில்லா இருக்கு"ன்னார். திருநெல்வேலிக்காரர், டீ விஷயத்துல அவர்கிட்ட வாதாட முடியாது. ஆனா பாதி கேன் தீந்ததுக்கு அப்புறம்தான் அதைச் சொன்னார்ங்கறதையும் இங்க பதிவு பண்ணிக்கறேன்.

இந்த டிரிங்க் எந்த கம்பெனியும் கண்டுபிடிச்சது இல்ல. பாமர் வீட்டுல மத்தியானம் சாப்பாட்டோட ஐஸ் டீ குடிக்கற பழக்கம், அதுல கொஞ்சம் லெமனேட் ஊத்தச் சொல்லி பொண்டாட்டி வின்னிகிட்ட கேட்டிருக்கார், பிடிச்சுப் போச்சு, போற இடத்துல எல்லாம் அதையே கேக்க ஆரம்பிச்சிட்டார். கலிஃபோர்னியா பாம் ஸ்பிரிங்ஸ்ல ஒரு தடவை சொல்லிட்டு இருக்கும்போது பக்கத்துல உக்காந்திருந்த ஒரு அம்மா காதுல விழுந்து, எனக்கும் அந்த ஆர்னால்ட் பாமரையே குடுங்கன்னு கேட்டாங்களாம், பேரு அப்படியே ஒட்டிக்கிச்சு. இதுல முக்கியமான பாயிண்ட் என்னன்னா அவர் குடிச்சது பாதிக்குப் பாதி இல்ல. டீ தான் தூக்கலா இருக்கணும், முக்கால் டீக்கு கால் லெமனேட்ங்கற கணக்கு. கேன்ல எழுதியிருக்கறது ஹாஃப் அண்ட் ஹாஃப். இதைப் படிச்ச அன்னிக்குத்தான் எனக்கு இந்த ஆள் மேலயே ஆர்வம் வந்துச்சு, நம்ம வீட்டுல காபிக்கு டிகாஷன் எவ்வளவு பால் எவ்வளவுன்னு சண்டை நடக்கறது ஞாபகம் வந்துருச்சு.

ஆளு பென்சில்வேனியாவுல லட்ரோப்னு ஒரு சின்ன ஊர்ல 1929 செப்டம்பர் 10 அன்னிக்குப் பொறந்தவர். அப்பா டீக்கன் பாமர் அந்த ஊர் கோல்ஃப் கிளப்ல புல்லைப் பராமரிக்கற வேலை, அப்புறம் அங்கயே கோச் வேலையும். சின்ன வயசுல போலியோ வந்து கால் ஒரு பக்கம் பாதிச்சவர். மூணு நாலு வயசுலயே பையன் கையில ஒரு மட்டையைக் குடுத்து எப்படிப் பிடிக்கணும்னு விரலை மடக்கிக் காட்டிட்டார், அந்தப் பிடியை மட்டும் கடைசி வரைக்கும் மாத்தாதேன்னார், அவரும் மாத்தவே இல்ல. இதுல கொடுமை என்னன்னா வேலைக்காரர் பையன்ங்கறதால மெம்பர்ஸோட பசங்க மாதிரி அங்க இஷ்டத்துக்கு ஆட முடியாது, ஸ்விம்மிங் பூல்ல இறங்க முடியாது. யாரும் இல்லாத நேரம் பார்த்துத்தான் கத்துக்கிட்டார். 1971ல அதே கிளப்பை விலைக்கு வாங்கினார். நம்மூர் சினிமாவா இருந்தா இங்க இன்டர்வல் விட்டிருப்பாங்க.

நடுவுல கஷ்டமும் இருந்துச்சு. வேக் ஃபாரஸ்ட் காலேஜ்ல ரூம்ல கூட இருந்த உயிர் நண்பன் கார் ஆக்ஸிடன்ட்ல போயிட்டான், இவர் படிப்பைப் பாதியில விட்டுட்டு கோஸ்ட் கார்ட்ல, அதாவது கடலோரக் காவல் படையில, சேர்ந்து மூணு வருஷம் இருந்தார். திரும்பி வந்து கிளீவ்லேண்ட்ல பெயின்ட் விக்கற சேல்ஸ்மேன். 1954ல யூஎஸ் அமெச்சூர்ங்கற, காசுக்கு ஆடாதவங்களுக்கான போட்டியை ஜெயிச்சதுக்கு அப்புறம்தான் ப்ரொஃபஷனல் ஆகற தைரியமே வந்துச்சு, அதே வருஷம் கல்யாணமும். அடுத்த வருஷம் கனேடியன் ஓப்பன்ல முதல் ஜெயிப்பு, அதுக்கப்புறம் நிக்கவே இல்ல. கோல்ஃப்ல பெரிய போட்டிகள்ல ஒண்ணான மாஸ்டர்ஸ் மட்டும் 1958, 60, 62, 64ன்னு ரெட்டைப்படை வருஷமா நாலு தடவை.

போன மாசம் பிட்ஸ்பர்க் பெருமாள் கோயிலுக்குப் போயிருந்தோம், பென் ஹில்ஸ்ல இருக்கே அதான். சாமி கும்பிட்டு கேன்டீன்ல புளியோதரை வாங்கிட்டு வெளிய வந்ததும், லட்ரோப் இங்கேர்ந்து கிட்டக்கதான், ஒரு எட்டு பாத்துட்டு வரலாம்னேன். வீட்டுக்காரம்மா பாத்த பார்வை இருக்கே. ஊர்ல ஏர்போர்ட்டுக்கே ஆர்னால்ட் பாமர் பேருதான், அங்க அவர் சிலையும் இருக்கு. சும்மா பேர் வைக்கல, ஆளு நெஜ பைலட், 1976ல லியர்ஜெட் ஒண்ணுல உலகத்தையே சுத்தி வந்தார், அறுபது மணி நேரம் கூட ஆகல. சிலைக்கு முன்னாடி நின்னு கையில இருந்த கேனைத் திறந்து குடிச்சேன், பையன் ஃபோட்டோ எடுத்தான், மாமனார் மட்டும் தள்ளிப் போய் நின்னுக்கிட்டார். இன்னொண்ணு, பனானா ஸ்ப்ளிட் ஐஸ்கிரீமும் இதே லட்ரோப்ல 1904ல பொறந்ததுதான். இந்த ஊரு தண்ணியில ஏதோ இருக்கு.

கோல்ஃப் புரியாதவங்களுக்கு ஒரே ஒரு நாளைச் சொல்றேன், 1960 யூஎஸ் ஓப்பன், டென்வர்ல செர்ரி ஹில்ஸ். அப்பல்லாம் கடைசி நாள் காலையில 18 ஹோல் மத்தியானம் 18 ஹோல், ஒரே நாள்ல 36. ஹோல்னா பந்தைப் போட வேண்டிய குழி, ஸ்ட்ரோக்னா ஒரு அடி, கம்மி அடியில முடிக்கறவர்தான் ஜெயிப்பார். காலை ரவுண்ட் முடிஞ்சப்ப முதல்ல இருந்தவரை விட ஏழு ஸ்ட்ரோக் பின்னாடி, பதினஞ்சாவது இடம், கதை முடிஞ்சதுன்னுதான் எல்லாரும் நெனச்சாங்க. சாப்பாட்டு நேரத்துல, இந்த ரவுண்ட்ல 65 அடிச்சா நாலு ரவுண்டும் சேத்து மொத்தம் 280 வரும், ஓப்பன் ஜெயிக்க 280 போதுமேன்னு இவர் சொல்ல, பிட்ஸ்பர்க் பேப்பர்காரர் பாப் டிரம், நீ ரொம்பப் பின்னாடி இருக்க, அதெல்லாம் உதவாதுன்னுட்டார். கோவத்தோட கிளம்பினவர் முதல் ஹோலுக்குப் போறார். 346 கஜம், நாலு அடியில முடிக்க வேண்டிய ஹோல். முன்னாடி மூணு ரவுண்ட்லயும் ஒரே அடியில பந்தைக் கிரீன்ல, அதாவது குழியைச் சுத்தி இருக்கற வழவழப்பான புல்தரையில, ஏத்தறேன்னு முயற்சி பண்ணி சொதப்பியிருந்தார், ஒரு தடவை ஓடையிலயே போய் விழுந்துச்சு. சூடுபட்ட பூனையா இருந்தா பதமா அடிச்சிருக்கும், இவர் நாலாவது தடவையும் அதே அடிதான் அடிச்சார். பந்து நேரா கிரீன்ல போய் உக்காந்துச்சு. முதல் நாலு ஹோலும் பேர்டி, அதாவது கணக்கை விட ஒரு அடி கம்மி, ஏழுக்குள்ள ஆறு பேர்டி, முதல் ஒம்போது ஹோல் 30லயே முடிச்சிட்டார். ரவுண்ட் 65, மொத்தம் 280. ரெண்டு ஸ்ட்ரோக் பின்னாடி வந்த இருபது வயசு அமெச்சூர் பையன் பேரு ஜாக் நிக்லாஸ். டிவி அப்பத்தான் வீட்டுக்கு வீடு வந்துட்டு இருந்த காலம், பணக்காரங்க ஆட்டத்தைச் சாதாரண ஜனம் உக்காந்து பாக்க ஆரம்பிச்சதுக்கு இவர் ஒரு பெரிய காரணம். பின்னாடியே ஓடற கூட்டத்துக்கு ஆர்னீஸ் ஆர்மின்னே பேரு.

ஆனா எனக்கு இவரைப் பிடிச்சுப் போனது ஜெயிச்ச கதையால இல்ல. 1966ல அதே யூஎஸ் ஓப்பன், சான் ஃபிரான்சிஸ்கோ ஒலிம்பிக் கிளப், ஒம்போது ஹோல் பாக்கி, ஏழு ஸ்ட்ரோக் முன்னாடி இருக்கார். பேசாம பத்திரமா ஆடியிருந்தா கோப்பை வீட்டுக்கு வந்திருக்கும். பழைய சாம்பியன் பென் ஹோகனோட யூஎஸ் ஓப்பன் ரெக்கார்டை உடைக்கணும்னு அடிச்சு ஆடி அத்தனையும் விட்டுட்டார், கூட ஆடின பில்லி காஸ்பர் எட்டிப் பிடிச்சு சமமாக்கிட்டார், யார் ஜெயிச்சதுன்னு முடிவு பண்ண மறுநாள் வச்ச பிளேஆஃப்லயும் தோல்வி. 1960ல ஜெயிக்க வச்ச அதே குணம்தான் இங்க கவுத்தது. மொத்தம் பிஜிஏ டூர்ங்கற அமெரிக்க ப்ரொஃபஷனல் போட்டி வரிசையில 62 ஜெயிப்பு, மேஜர்னு சொல்ற நாலு பெரிய போட்டிகள்ல ஏழு, அந்த நாலுல பிஜிஏ சாம்பியன்ஷிப் மட்டும் கடைசி வரைக்கும் கைக்கு வரவே இல்ல, மூணு தடவை ரெண்டாவது இடம்.

இப்ப பையன் கேட்ட கேள்விக்கு வர்றேன். டீ கேன்ல ஏன் இருக்கார்னா மார்க் மெக்கார்மக்னு ஒரு வக்கீல். ரெண்டு பேரும் கை குலுக்கினதுதான் அக்ரிமென்ட், அதுலேர்ந்து வளந்ததுதான் விளையாட்டுக்காரங்களோட விளம்பர ஒப்பந்தங்களைப் பாத்துக்கற ஐஎம்ஜிங்கற பெரிய கம்பெனி. ஒரு விளையாட்டுக்காரன் பேரை ஆட்டத்துக்கு வெளிய எப்படி விக்கலாம்னு உலகத்துக்குக் காட்டிக் குடுத்த ஜோடி இவங்க. செவப்பு மஞ்சள் வெள்ளை பச்சைன்னு நாலு கலர் குடை லோகோ போட்டு ஜப்பான்ல துணிக்கடையே நடந்துச்சு. இன்னிக்கு நம்ம கிரிக்கெட்காரங்க டூத்பேஸ்ட்லேர்ந்து சிமென்ட் வரைக்கும் விளம்பரத்துல நிக்கறாங்களே, அந்த ரூட்ல முன்னாடி நடந்து போனவர்.

அடுத்த தடவை கேனைக் கையில எடுத்தா கையெழுத்தைப் பாருங்க. ஒவ்வொரு எழுத்தும் படிக்க முடியும். கிறுக்காம போடணும்ங்கறதுல அவர் ரொம்பக் கறார், சின்னப் பசங்களுக்கும் அதையே சொல்வாராம், வரிசையில நின்னு வாங்கறவனுக்கு யார் பேருன்னு தெரிய வேணாமான்னு. என் கையெழுத்தை பேங்க்லயே ரெண்டு தடவை திருப்பி அனுப்பியிருக்காங்க, அதனால இது கொஞ்சம் உறுத்துச்சு.

ரெஸ்டாரன்ட்ல ஆர்டர் பண்றவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஹைவே ஓரத்துல ஒரு கடை, பேர் வேணாம், அங்க கேட்டப்ப அந்தப் பொண்ணு நேத்து போட்ட டீ மாதிரி கறுத்துப் போன ஒண்ணுல லெமனேட் பவுடரைக் கொட்டிக் கலக்கி, மேல ஒரு காஞ்ச எலுமிச்சைத் துண்டைச் சொருகிக் கொண்டாந்து வச்சுச்சு. நாலு டாலர். அடியில பவுடர் கரையாம மணல் மாதிரி நின்னுச்சு, ஸ்ட்ரா வழியா நேரா வாய்க்குள்ள. மாமனார் டம்ளரை வெளிச்சத்துல தூக்கிப் பாத்துட்டு ஒண்ணுமே சொல்லாம தண்ணி கேட்டார்.

அதனால வீட்டுலயே போட்டுப் பாத்தேன். நாலு டம்ளர் தண்ணிக்கு நாலு ஸ்பூன் டீத்தூள், கொதிக்க விடாம சுடுதண்ணியில அஞ்சு நிமிஷம் மூடி வச்சு வடிகட்டணும், கொதிச்சா துவர்ப்பு ஏறி எலுமிச்சையோட சேராது. நல்லா ஆறினதுக்கு அப்புறம்தான் ஃப்ரிட்ஜ், சூட்டோட உள்ள வச்சா கலங்கிப் போகும். தனியா ரெண்டு எலுமிச்சம்பழம், சக்கரை, ஒரு டம்ளர் தண்ணி. பாமர் கணக்குப்படி மூணு பங்கு டீ, ஒரு பங்கு லெமனேட். நான் ஒரு சிட்டிகை உப்பு போட்டேன், இது அமெரிக்காக்காரங்களுக்குத் தெரிய வேணாம். அவ்வளவுதான், கேன்ல குடிக்கறது ஒரு டிரிங்க், இது வேற டிரிங்க், ரெண்டுக்கும் பேரு மட்டும்தான் ஒண்ணு. கேனுக்கு விலைக்காகவும் வெயிலுக்காகவும் அஞ்சுக்கு மூணரை, வீட்டுல போட்டதுக்கு நாலரை.

இதுல வோட்கா ஊத்தினா பேரு ஜான் டேலி, அவரும் ஒரு கோல்ஃப்காரர்தான், ஏன் அந்தப் பேருன்னு அவர் வாழ்க்கையைத் தேடிப் படிச்சா புரியும்.

பாமர் 2016 செப்டம்பர் 25 அன்னிக்கு பிட்ஸ்பர்க்ல போயிட்டார், வயசு 87. ஊருக்குத் திரும்பிப் போன மாமனார் நேத்து வீடியோ கால்ல வந்தார். "மாப்ள, அந்த டீக்கு எத்தன பங்கு எலுமிச்சம்பழம்னு சொன்னீங்க?" மூணுக்கு ஒண்ணு மாமான்னேன். பின்னாடியிலேர்ந்து அத்தை, சக்கரை வியாதிக்காரருக்கு எதுக்கு அதெல்லாம்னு கத்தினாங்க, கால் கட்டாயிடுச்சு.