விமானப்படை அனுபவத்துக்கு "நேரடி ஏஎம்இ (விமானப் பராமரிப்பு இன்ஜினியர்) லைசென்ஸ்" என்று யாராவது சொன்னால் பணம் கட்டாதீர்கள்

விமானப்படையில் டெக்னிக்கல் டிரேடில் இருந்து, இன்னும் ஓரிரு வருடத்தில் டிஸ்சார்ஜ் ஆகப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் யூனிட்டில் அப்படி யாராவது இருந்தால் அவர்களுக்கும் அனுப்புங்கள். ஒரு கன்சல்டன்சியிடம் நான் இழந்தது இரண்டரை லட்சம் ரூபாய். ஆனால் பணத்தைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் இந்தப் பதிவு.

நான் புரொபல்ஷன் ஃபிட்டர், அதாவது விமான இன்ஜின் வேலை. 20 வருடம் சர்வீஸ், பெரும்பகுதி ஏஎன்-32 சரக்கு விமானங்களில். வெளியே போனதும் சிவில் விமானப் பராமரிப்பு வேலைக்குத்தான் போக வேண்டும் என்று முன்பே முடிவு செய்திருந்தேன். டிஸ்சார்ஜுக்கு ஒரு வருடம் இருக்கும்போது முன்னாள் படைவீரர்களுக்கான ஒரு வாட்ஸ்அப் குழுவில் இவர்களுடைய விளம்பரம் வந்தது. அழைத்தால் முதல் வார்த்தையே "ஜெய் ஹிந்த் சார்". பேசியவரும் ஓய்வு பெற்ற படைவீரர்தான். எந்த பேஸில் இருக்கிறீர்கள், எந்த விமானம், யார் உங்கள் வாரண்ட் ஆபீசர் என்று நம் பாஷையிலேயே பேசினார். வெளியாள் பேசினால் நாம் பத்து கேள்வி கேட்போம், நம்மில் ஒருவர் பேசினால் கேட்க மாட்டோம் என்று கணக்குப் போட்டுத்தான் அவரை முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "சார், உங்க இருபது வருஷ எக்ஸ்பீரியன்ஸுக்கு எல்லா மாட்யூலும் எக்ஸம்ப்ஷன். டிஃபென்ஸ் கோட்டா தனியா இருக்கு. ஆறு மாசத்துல பி1 லைசென்ஸ் கையில. ஏர்லைன் வேலை நம்ம பொறுப்பு."

இந்த நான்கு வாக்கியங்களில் ஒன்றுகூட உண்மையில்லை. விமானப் பராமரிப்பு இன்ஜினியர் லைசென்ஸ் என்பது இந்தியாவில் டிஜிசிஏ (சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) மட்டுமே கொடுப்பது. சிஏஆர்-66 விதிகள்தான் அதற்கு அடிப்படை. பி1 என்றால் இன்ஜினும் ஏர்ஃப்ரேமும், பி2 என்றால் ஏவியானிக்ஸ். பி1-க்குள்ளேயே டர்பைன் விமானத்துக்கு பி1.1, டர்பைன் ஹெலிகாப்டருக்கு பி1.3 என்று பிரிவுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் மாட்யூல் தேர்வுகள், அதாவது பாடவாரியான தேர்வுகள் இருக்கின்றன, அவற்றை நடத்துவதும் டிஜிசிஏதான். கேஸ் டர்பைன் இன்ஜின் 15-வது மாட்யூல். அதில் நமக்கு ஓரளவு கை பழகியிருக்கும். ஆனால் 10-வது மாட்யூலான சிவில் விமானச் சட்டங்களை படையில் யாரும் நமக்குச் சொல்லித் தந்ததில்லை. தேர்வு விலக்கு கிடைக்குமா, எந்த மாட்யூலுக்கு என்பதை முடிவு செய்யும் அதிகாரம் டிஜிசிஏவுக்கு மட்டுமே. ஒரு கன்சல்டன்சி அதை வாங்கித் தர முடியாது. "டிஃபென்ஸ் கோட்டா" என்று லைசென்ஸில் எதுவும் கிடையாது.

ராணுவ அனுபவத்துக்கு மதிப்பே இல்லையா என்றால், இருக்கிறது. சிவிலுக்கு வெளியே செய்த பராமரிப்பு வேலை, கேட்கப்படும் தரத்துக்கு இணையானது என்று டிஜிசிஏ ஏற்றுக்கொண்டால் அது கணக்கில் வரும் என்று விதியே சொல்கிறது. ஆனால் அதே விதி, அதற்கு மேல் சிவில் விமானங்களில் கூடுதல் அனுபவமும் வேண்டும் என்கிறது. சிவில் பராமரிப்பு நடக்கும் முறை நமக்குப் பழக வேண்டும் என்பதுதான் நோக்கம். இது நியாயமான விதிதான். அங்கே வேலை முடிந்து ஒருவர் ரிலீஸ் கையெழுத்துப் போட்டால் பயணிகளோடு விமானம் கிளம்பும், கையெழுத்துப் போட்டவர் தன் லைசென்ஸ் நம்பரோடு அதற்குப் பொறுப்பு. கூடுதல் சிவில் அனுபவம் வேண்டும் என்ற இந்தப் பாதியைத்தான் அவர்கள் மறைத்தார்கள்.

பணத்தை மூன்று தவணையாக வாங்கினார்கள். பதிவுக் கட்டணம், ஆவணச் சரிபார்ப்பு, கடைசியாக "ஐரோப்பிய சான்றிதழ்". ரசீதில் மட்டும் லைசென்ஸ் என்ற வார்த்தையே இல்லை. "ஆலோசனைச் சேவை, பணம் திருப்பித் தரப்படாது" என்று இருந்தது. இதைப் பற்றிக் கேட்டபோது "அது ஜிஎஸ்டி ஃபார்மட் சார்" என்றார்கள்.

கடைசியில் வந்தது ஒரு பளபளப்பான சான்றிதழ். மேலே ஒரு வெளிநாட்டு பார்ட்-147 (விமானப் பராமரிப்புப் பயிற்சிக்கான ஐரோப்பிய விதி) பயிற்சி நிறுவனத்தின் பெயர், கீழே அப்ரூவல் நம்பர். அதை எடுத்துக்கொண்டு ஒரு நிறுவனத்துக்கு நேர்காணலுக்குப் போனேன். குவாலிட்டி பிரிவில் இருந்தவர் பொறுமையாக உட்கார வைத்து விளக்கினார். அவருக்கு என் நன்றி.

அவர் சொன்ன விஷயம் எல்லோருக்கும் தெரிய வேண்டும். ஐரோப்பிய முறையில்கூட பயிற்சி நிறுவனம் லைசென்ஸ் கொடுக்காது. அது கொடுப்பது, படித்துத் தேர்வானதற்கான அங்கீகாரச் சான்றிதழ். லைசென்ஸ் கொடுப்பது அந்தந்த நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையம். தவிர, ஒரு பயிற்சி நிறுவனத்துக்கு 147 அப்ரூவல் இருக்கிறது என்பதே போதாது, அது எதற்கு என்று பார்க்க வேண்டும். சிலருக்கு அடிப்படைப் பயிற்சிக்கு அனுமதி இருக்கும், சிலருக்குக் குறிப்பிட்ட விமான வகைக்கான டைப் பயிற்சிக்கு மட்டும். என் சான்றிதழில் இருந்த நிறுவனம் உண்மையானதுதான். ஆனால் அதற்கு டைப் பயிற்சிக்கு மட்டுமே அனுமதி. அடிப்படைப் பயிற்சி முடித்ததாக அந்தப் பெயரில் ஒரு சான்றிதழ் வருவதற்கு வழியே இல்லை. அந்த நிறுவனத்துக்கு மெயில் போட்டுக் கேட்டேன். அப்படி ஒரு சான்றிதழ் தாங்கள் கொடுக்கவில்லை என்று பதில் வந்தது.

இனி, மேலே சொன்ன பெரிய நஷ்டம்.

டிஸ்சார்ஜுக்கு முன்னால் அனுபவப் பதிவேடு எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டுமா என்று அவர்களிடம் தெளிவாகக் கேட்டிருந்தேன். "அதெல்லாம் ஃப்ரெஷர்ஸுக்கு சார், உங்க டிஸ்சார்ஜ் புக் போதும்" என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பதில் பச்சைப் பொய். நாம் என்ன வேலை செய்தோம், எந்த விமானத்தில், எந்தத் தேதியில், யார் மேற்பார்வையில் என்பதற்குத்தான் அங்கே மதிப்பு. "20 வருடம் இன்ஜின் வேலை பார்த்தேன்" என்ற ஒரு வரி எதையும் காட்டாது. சிவிலில் இது ஏடிஏ சேப்டர்படி, அதாவது விமானத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் உள்ள எண்படி இருக்கும்: 61 புரொப்பெல்லர், 72 இன்ஜின், 79 ஆயில் என்று. நாம் செய்த வேலைகளை அந்த வரிசையில் பிரித்து எழுதி, பார்த்தவரிடம் கையெழுத்து வாங்கி வைப்பது, யூனிட்டில் இருக்கும்போது கொஞ்ச நாள் உட்கார்ந்தால் முடிகிற வேலை.

வெளியே வந்தபிறகு அது மலை போல் நிற்கிறது. விமானத்தின் பராமரிப்புப் பதிவேடான ஃபார்ம் 700 யூனிட்டுடைய ஆவணம், அதை நாம் கொண்டு வர முடியாது, வரவும் கூடாது. இன்ஜினியரிங் ஆபீசர்கள் போஸ்டிங்கில் போய்விட்டார்கள். என் வாரண்ட் ஆபீசரும் ஓய்வு பெற்றுவிட்டார். ரெக்கார்ட் ஆபீஸில் டிரேடு, போஸ்டிங் விவரம் கிடைக்கும், எந்த நாளில் எந்த ஆயில் பம்பைக் கழற்றி மாட்டினோம் என்பது கிடைக்காது. இதோடு, கேட்கப்படும் அனுபவத்தில் ஒரு பகுதி சமீபத்தியதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. அவர்கள் பின்னால் நான் அலைந்த மாதங்கள் எல்லாம் அந்தக் கணக்கில் எனக்கு எதிராக ஓடிய மாதங்கள். இதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை.

ஆகவே பணியில் இருக்கும் தம்பிகளே, இந்த ஒன்றை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். உங்கள் இன்ஜினியரிங் ஆபீசரிடம் முறைப்படி எழுதிக் கொடுத்து, பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டு என்ன எழுதலாம் என்று கேட்டு, அனுபவச் சான்றை இப்போதே வாங்குங்கள். டிஜிசிஏ தேர்வுக்கான கம்ப்யூட்டர் நம்பரை (தேர்வுப் பதிவு எண்) நீங்களே அவர்கள் இணையதளத்தில் விண்ணப்பித்துப் பெறலாம், நடுவில் ஆள் தேவையில்லை. அங்கீகாரம் உள்ள சிஏஆர்-147 பயிற்சி நிறுவனங்களின் பட்டியலும் அங்கேயே இருக்கிறது. பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் உள்ள டிஜிஆர் (மறுவாழ்வு இயக்குநரகம்) நடத்தும் பயிற்சிகளையும், விமானப்படையின் பிளேஸ்மென்ட் செல்லையும் முதலில் கேட்டுப் பாருங்கள்.

லைசென்ஸ் வந்ததும் ஏ320-இல் கையெழுத்துப் போடலாம் என்றும் நம்பாதீர்கள். அதற்குத் தனியாக டைப் ரேட்டிங், அதாவது அந்த விமான வகைக்கான அனுமதி வேண்டும், அதுவும் இன்ஜினைச் சேர்த்து. சிஎஃப்எம்56 இன்ஜின் உள்ள ஏ320-க்கு ஒன்று, பிராட் அண்ட் விட்னி பிடபிள்யூ1100ஜி உள்ளதற்கு வேறொன்று. "லைசென்ஸ் பிளஸ் டைப் பேக்கேஜ்" என்று மொத்தமாகக் கேட்டால், எந்த விமானம், எந்த இன்ஜின், யார் பயிற்சி தருகிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். என்னிடம் பேசியவர்கள் இந்தக் கேள்விக்கு ஒருமுறைகூட எழுத்தில் பதில் தரவில்லை.

பணத்தைத் திரும்பக் கேட்டதும் வளைகுடாவில் டெக்னீஷியன் வேலை இருக்கிறது, இன்னும் 1,20,000 கட்டுங்கள் என்றார்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப, 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு பெற்ற ஏஜென்ட்டே அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். அரசின் இமைக்ரேட் தளத்தில் தேடினேன், இவர்கள் பெயர் இல்லை. அதைச் சொன்னதும் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்கள்.

இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். வழக்கு நடப்பதால்தான் பெயரை இங்கே எழுதவில்லை. கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் ஆணையத்தில் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் ரசீது, வாட்ஸ்அப் செய்தி, பேச்சுப் பதிவு எதையும் அழிக்காதீர்கள். பணம் ஆன்லைனில் போய்ச் சில மணி நேரம்தான் ஆகிறது என்றால் முதலில் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915.

நான் இப்போது ஒரு பராமரிப்பு நிலையத்தில் லைசென்ஸ் இல்லாத டெக்னீஷியனாகச் சேர்ந்திருக்கிறேன். ஓசூர், ஐதராபாத், நாக்பூர் ஆகிய ஊர்களில் இப்படிப்பட்ட நிலையங்கள் இருக்கின்றன. சம்பளம் குறைவுதான். ஆனால் செய்கிற வேலை அன்றன்றே பதிவேட்டில் ஏறுகிறது. மாட்யூல்களை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அதே ஆட்கள் வேறு பெயரில் மறுபடி விளம்பரம் செய்கிறார்கள் என்று போன வாரம் ஒரு நண்பர் அனுப்பினார். இந்த முறை குறி, விமானப்படையில் நான்கு வருடத்துக்குச் சேர்ந்த அக்னிவீர் வாயு தம்பிகள். "நான்கு வருட அனுபவம் போதும், நேரடி லைசென்ஸ்" என்று அதே வார்த்தைகள், அதே "ஜெய் ஹிந்த்". நான்கு வருடம் முடிந்ததும் கிடைக்கும் சேவா நிதிப் பணம் கையில் வரும் நேரம் பார்த்து அழைப்பார்கள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒரு பையன் இருந்தால், பணம் கட்டும் முன் இதைப் படிக்கச் சொல்லுங்கள்.