கால் நீட்டும் இருக்கைக்குக் கூடுதல் பணம் கட்டலாமா? என் பன்னிரண்டு ஆண்டு அனுபவம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், யார் விமான டிக்கெட் எடுத்தாலும் கடைசியில் ஒரு கேள்வி என்னிடம் வந்து சேரும். “சார், அந்தக் கால் நீட்டுகிற சீட்டுக்குக் காசு கட்டலாமா, வேண்டாமா?” 2013 முதல் திருச்சிக்கு ஒன்பது முறையும், மகள் இருக்கும் மெல்பர்னுக்கு மூன்று முறையும் போய் வந்திருக்கிறேன். பணம் கட்டியும் உட்கார்ந்திருக்கிறேன், கட்டாமலும் உட்கார்ந்திருக்கிறேன். பயண நேரத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், உட்காரப் போகும் காலை வைத்து முடிவு செய்யுங்கள் என்றுதான் எல்லாரிடமும் சொல்லி வருகிறேன்.

முதலில் அந்த அங்குலக் கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். இருக்கை இடைவெளி 29 அங்குலம் என்றால் காலுக்கு 29 அங்குலம் கிடைக்கும் என்று நானும் முன்பு எண்ணியிருந்தேன். அப்படி இல்லை. ஓர் இருக்கையின் முதுகிலிருந்து அடுத்த இருக்கையின் முதுகு வரை உள்ள தூரம் அது. மெத்தையின் கனமும் அதற்குள்தான் அடக்கம். குறைந்த கட்டண விமானங்களில் 28, 29 அங்குலம் என்பது வழக்கம். முழுச் சேவை விமானங்களில் 30 முதல் 32 வரை இருக்கும். கூடுதல் இடம் என்று விற்கப்படும் இருக்கைகள் பெரும்பாலும் 34 அங்குலத்துக்கு மேல். ஆனால் கட்டும் பணம் நீளத்துக்கு மட்டுந்தான், அகலத்துக்கு இல்லை. ஆபத்து நேரத்தில் வெளியேறும் கதவை ஒட்டிய அவசரவழி வரிசையில், முன்னே இருக்கை இல்லாவிட்டால், சாப்பாட்டுத் தட்டைக் கைப்பிடிக்குள் மடக்கி வைத்திருப்பார்கள். அந்தக் கைப்பிடியைத் தூக்க முடியாது, உட்காரும் இடமும் சற்றுக் குறுகும். பருமனானவர்கள் கூடுதல் பணம் கட்டிவிட்டு முன்பைவிட நெருக்கமாக உட்கார்ந்து வருவதைப் பார்த்திருக்கிறேன்.

நான் ஐந்தடி பதினோரு அங்குலம். 29 அங்குல இருக்கையில் என் முழங்கால் முன்னிருக்கையைத் தொட்டுக்கொண்டே இருக்கும். திருச்சிக்கு நான்கு மணி நேரம். பகல் விமானம் என்றால் தாங்கிக்கொள்வேன். இரவு விமானத்தில் முன்னால் இருப்பவர் முதுகைச் சாய்த்த நொடியிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விடும். ஆகவே இரவு என்றால் கட்டுகிறேன், பகல் என்றால் கட்டுவதில்லை. என் விஷயம் அவ்வளவுதான்.

அம்மாவின் கதை வேறு. முப்பத்தொரு ஆண்டுகள் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடிவதற்கு முன் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பி, தாழ்வான வெட்டுப் பட்டைக்குக் குனிந்தும் குந்தியும், பிறகு தோள் கம்பில் தொங்கும் காண்டா வாளியில் பாலைச் சுமந்து மேட்டுக் காட்டில் ஏறி இறங்கிய கால்கள் அவை. இன்று அந்தத் தோட்டமே பாமாயில் தரும் செம்பனையாகிவிட்டது, அம்மாவின் வலது முழங்காலும் மடங்க மறுக்கிறது. அதை ஒரே நிலையில் அரைமணி நேரம் வைத்திருந்தால் எழுந்து நிற்கவே ஆள் பிடிக்க வேண்டும்.

2017இல் அந்தக் காலை நினைத்துத்தான் அவருக்கு அவசரவழி வரிசையில் இடம் எடுத்தேன். போகவும் வரவும் 120 ரிங்கிட். விமானத்தில் ஏறியதும் பணிப்பெண் வந்து அம்மாவின் நடையைப் பார்த்தார், மரியாதையாகவே வேறு இடத்துக்கு மாற்றினார். அவர் செய்தது சரிதான். ஆபத்து நேரத்தில் அந்தக் கதவைத் திறந்து மற்றவர்களுக்கு உதவக்கூடியவர்கள்தான் அங்கே உட்காரலாம். கர்ப்பிணிகள், குழந்தைகள், கைக்குழந்தையோடு வருபவர்கள், நடக்கச் சிரமப்படுபவர்கள் யாருக்கும் அங்கே இடமில்லை. அந்த நிபந்தனை முன்பதிவுப் பக்கத்திலேயே எழுதியிருந்தது, நான் படிக்காமல் ‘சரி’ என்று அழுத்தியிருந்தேன். மாற்றிக் கொடுத்தது நடு இருக்கை. பணம் திரும்பி வரவில்லை. நான்கு மணி நேரமும் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. திருச்சியில் இறங்கும்போது என் தோளைப் பிடித்த அவர் கை நடுங்கியது. பணத்தைவிட அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. வயதானவர்களுக்காக இடம் எடுக்கும் ஒவ்வொரு பிள்ளையும் அந்த நிபந்தனைகளை ஒரு முறை முழுதாகப் படித்துவிட வேண்டும்.

அதற்குப் பிறகு அம்மாவுக்கு எப்போதும் முதல் வரிசை, நடைபாதை ஓரம். முன்னே தடுப்புச் சுவர் இருப்பதால் காலை முழுவதும் நீட்ட முடியாது, கைப்பையையும் மேலே வைத்துவிட வேண்டும். ஆனால் முன்னிருக்கை சாய்ந்து வந்து முழங்காலில் இடிக்காது, யாரையும் தாண்டாமல் எழுந்து நிற்கலாம், கழிப்பறை பக்கத்தில், கதவும் பக்கத்தில். பெரிய விமானம் என்றால் அந்தச் சுவரில்தான் குழந்தைத் தொட்டிலை மாட்டுவார்கள், பக்கத்தில் பச்சைக் குழந்தை வர வாய்ப்பு உண்டு. அம்மாவுக்கு அது ஒரு தொல்லையே இல்லை, மடியில் வாங்கி வைத்துக்கொள்வார்.

என் மனைவி நாலடி பத்து அங்குலம். கூடுதல் இடம் அவளுக்குத் தேவையே இல்லை என்றுதான் இருவரும் நினைத்திருந்தோம். நினைத்தது பாதி சரி. குள்ளமானவர்களுக்குப் பாதம் தரையில் பதிவதில்லை, இருக்கையின் விளிம்பு தொடையின் அடியில் அழுத்துகிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் காலில் இரத்தம் உறையும் ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது என்கிறது. விமானம் மட்டுமல்ல, பஸ், ரயில், கார் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். அப்படியும் ஏறத்தாழ 6,000 பேரில் ஒருவருக்குத்தான் என்பதால் பயப்பட வேண்டாம். ஆனால் ஆபத்து சற்றுக் கூடுதலாக உள்ளவர்களில் 190 சென்டிமீட்டருக்கு மேற்பட்டவர்களோடு 160க்குக் கீழ்ப்பட்டவர்களையும் அது சேர்த்திருக்கிறது. அதனால் மனைவிக்கு நீள இடம் வாங்குவதில்லை. சாதாரண வரிசையில் நடைபாதை ஓரம் எடுக்கிறோம், காலடியில் ஒரு துணிப்பையை மடித்து வைத்துப் பாதத்தை ஊன்றிக்கொள்கிறாள், மணிக்கு ஒரு முறை எழுந்து நடக்கிறாள். செலவு மிகக் குறைவு, பலன் நிறைவு.

மெல்பர்னுக்கு எட்டு மணி நேரம். முதல் முறை பெரிய விமானத்தில் கதவை ஒட்டிய ஜன்னலோரத்தைக் கேட்டு வாங்கினேன். கதவின் அடிப்பகுதி புடைத்துக்கொண்டு என் ஒரு காலின் இடத்தைப் பிடித்துக்கொண்டது, இரவு முழுவதும் அந்தப் பக்கம் குளிர். அடுத்த முறை அதே வரிசையில் நடைபாதை ஓரம். ஆறு மணி நேரம் உண்மையிலேயே தூங்கினேன். மூன்றாம் முறை சிக்கனம் பார்த்துச் சாதாரண இருக்கையில் போனேன், மகள் வீட்டில் முதல் இரண்டு நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். எட்டு மணி நேரத்துக்கு 150 ரிங்கிட் கேட்டாலும் இனி யோசிக்க மாட்டேன். ஒன்று மட்டும் கவனியுங்கள். அவசரவழி இரண்டு வரிசையாக இருந்தால் அவற்றில் முன்வரிசையின் முதுகு பெரும்பாலும் சாயாது. பின்வரிசையை எடுங்கள்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 ரிங்கிட். 26 வேலை நாளுக்கு வகுத்தால் ஒரு நாளுக்கு 65 ரிங்கிட். இரு வழிக்கும் 120 ரிங்கிட் என்பது செம்பனை வெட்டும் ஒருவருக்கு ஏறக்குறைய இரண்டு நாள் கூலி. முழங்கால் நன்றாக இருக்கும் இளைஞர்கள் நான்கு மணி நேரத்துக்காக அதைக் கொடுக்க வேண்டாம் என்று தயங்காமல் சொல்கிறேன். அந்தப் பணத்தில் ஊரில் இருக்கும் பாட்டிக்கு ஒரு சேலை எடுங்கள்.

அம்மாவும் முதலில் இதே கணக்கைத்தான் பேசினார். “உன் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி, மேல்தளத்தில் பாய் விரித்து வந்தவர். நாலு மணி நேரத்துக்கு எனக்கு எதற்கப்பா தனி இடம்?” என்பார். எங்கள் பயணம் நாலு மணி நேரம் அல்ல என்பதை அவருக்கு விளக்கவே இரண்டு பயணம் ஆனது. இங்கே ரயில் ஏறி கோலாலம்பூர் சென்ட்ரல், அங்கிருந்து விமான நிலையம், காத்திருப்பு, விமானம், திருச்சியில் வரிசை, பிறகு துறையூர் வரை கார். வாசலிலிருந்து வாசலுக்குப் பதினான்கு மணி நேரம். அதில் முழங்காலுக்கு இடம் விலைக்குக் கிடைப்பது அந்த நான்கு மணி நேரத்தில் மட்டும்.

பொங்கலுக்குப் போக இரண்டு வாரத்துக்கு முன் டிக்கெட் எடுத்தேன். அம்மாவுக்கு முதல் வரிசை, நடைபாதை ஓரம், 62 ரிங்கிட். மனைவிக்கு ஏழாம் வரிசை, அவளுக்குப் பின்னால் நான், பகல் விமானம் என்பதால் சாதாரண இருக்கை. விலையை இந்த முறை அம்மாவிடம் மறைக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு கைப்பேசியில் இருக்கைப் படத்தைப் பார்த்தவர், “கதவுப் பக்கம்தானே?” என்று மட்டும் கேட்டார்.