தண்ணி கேன் லைனுக்கு பேட்டரி வேன் சரிப்படுமா? ஒரு வேலூர் கணக்கு

சத்துவாச்சாரியில் கேன் தண்ணீர் லைன் ஓட்டுகிறேன். கையில் ஒரு பழைய டீசல் குட்டி யானை, ஒரு பேட்டரி சரக்கு ஆட்டோ. டீசல் வண்டிக்கு எஃப்சி, அதாவது தகுதிச் சான்று புதுப்பிக்கும் நேரம், வருகிறது. டிங்கர், பெயின்ட், டயர் என்று அதற்கு ஒரு தொகை அழுவதா, இல்லை தள்ளிவிட்டு நான்கு சக்கர பேட்டரி வேன் எடுப்பதா என்று வீட்டில் ஒரே பேச்சு. ஷோரூம்களில் ஏறி இறங்கியதையும், ஆட்டோவை ஓட்டியதில் தெரிந்ததையும் சேர்த்து எழுதுகிறேன். கேன், மாவு, பால், பேக்கரி சரக்கு என்று தினமும் கடை கடையாகப் போடுகிறவர்களுக்குப் பயன்படலாம்.

எந்த ஷோரூமுக்குப் போனாலும் "கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்தான் சார் ஆகும்" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அதை அப்புறம் பார்ப்போம். எங்கள் தொழிலில் முதல் கேள்வி எடை. 20 லிட்டர் கேன் ஒன்று, பிளாஸ்டிக்கும் சேர்த்து 21 கிலோ என்று வையுங்கள். டாடா ஏஸ் ஈவி (ஈவி என்றால் பேட்டரி வண்டி) 2022-ல் அறிமுகமானபோது அதன் சுமை 600 கிலோ, அதாவது 28 கேன். 2024-ல் ஒரு டன் மாடல் வந்தது, அதில் 47. 2025 ஜூனில் வந்த ஏஸ் ப்ரோ ஈவி 750 கிலோ, 35 கேன். மஹிந்திராவின் ஜியோ 765 கிலோ வரை, 36 கேன். டீசல் குட்டி யானையில் ஆர்சி புத்தகத்தில் என்ன போட்டிருந்தாலும் நம் ஊரில் ஐம்பது அறுபது கேன் ஏற்றாமல் யாரும் வண்டியை எடுப்பதில்லை, அது எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்தப் பழக்கத்தை அப்படியே பேட்டரி வண்டிக்குக் கொண்டு போனால் சார்ஜ் மதியத்துக்கு முன்னாலேயே இறங்கிவிடும், மோட்டாருக்குக் கரன்ட் கொடுக்கும் கன்ட்ரோலர் சூடேறும், நாளைக்கு ஏதாவது ஒன்று என்றால் ஓவர்லோடு என்று சொல்லி வாரன்டியில் கை விரிப்பார்கள். ஆகவே பழைய ஒரு நடைக்கு இதில் ஒன்றரை நடை, சில நாள் இரண்டு நடை. கேன் நிரப்பும் பிளான்ட் மூன்று நான்கு கிலோமீட்டருக்குள் இருந்தால் இது பெரிய தொந்தரவு இல்லை. தூரமாக இருந்தால் டிரைவர் நேரம் போகும், பேட்டரியும் அதிலேயே போகும்.

எங்கள் லைனுக்குச் சாதகமான விஷயம் ஒன்று. போகும்போது நிறை கேன், வரும்போது காலி கேன். காலி கேன் முக்கால் கிலோகூட இருக்காது. திரும்பும்போது வண்டி சும்மா வருகிற மாதிரிதான், சார்ஜ் இறங்குவதே தெரியாது. அதைவிடப் பெரிய லாபம் நின்று நின்று போவதில். சிஎம்சி ஆஸ்பத்திரி எதிரே பாபு ராவ் தெரு, காந்தி ரோடு பக்கம் லாட்ஜுகளுக்குக் கேன் போடுகிறவர்களுக்குத் தெரியும், வைத்தியத்துக்கு வந்து மாதக் கணக்கில் தங்கியிருக்கும் வங்காளக் குடும்பங்கள் அத்தனை பேருக்கும் தண்ணீர் வேண்டும், பத்தடிக்கு ஒரு தடவை நிறுத்தி மாடி ஏற வேண்டும். டீசல் வண்டியை அணைத்து அணைத்து ஸ்டார்ட் செய்தால் செல்ஃப் மோட்டார் போகும், அணைக்காமல் விட்டால் டீசல் போகும், கிளட்ச் எப்படியும் போகும். பேட்டரி வண்டியில் நிற்கும்போது செலவே இல்லை, கிளட்ச் என்ற சாமானே கிடையாது. எங்கள் ஆட்டோ டிரைவருக்கு ஒரே குறை சத்தம் இல்லாதது. "இன்னாண்ணா இது, பின்னாடி வந்து நின்னாலும் ஒருத்தனும் நகர மாட்றான், ஹார்ன் அடிச்சே கை வலிக்குது" என்கிறான்.

சரி, பணக் கணக்கு. புதுசாக எடுக்கும் பெட்ரோல் வண்டியோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். ஏஸ் ப்ரோ அறிமுகமானபோது ஷோரூம் விலை பெட்ரோலுக்கு 3.99 லட்சம், ஈவிக்கு 6.50 லட்சம். அப்போதே இடைவெளி இரண்டரை லட்சம். அப்புறம் 2025 செப்டம்பர் 22 முதல் பெட்ரோல், டீசல் சரக்கு வண்டிகளின் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. ஈவிக்கு முன்பிருந்தே 5 சதவீதம்தான், அங்கே குறைய எதுவும் இல்லை. கணக்குப்படி இடைவெளி இன்னும் முப்பதாயிரம் போலக் கூடி 2.8 லட்சம் ஆகிறது. பேட்டரி வண்டி மலிவாகிக்கொண்டே வருகிறது என்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

இனி ஓட்டச் செலவு. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், ஊருக்குள் லோடோடு 18 கிலோமீட்டர் என்று வைத்தால் கிலோமீட்டருக்கு ஐந்தரை ரூபாய். ஏஸ் ப்ரோ ஈவி பேட்டரி 14.4 யூனிட். கம்பெனி சொல்வது 155 கிலோமீட்டர். அது லேபில் சக்கரத்தை உருட்டி எடுக்கிற கணக்கு. கேன் ஏற்றி, மே மாத வேலூர் வெயிலில், காட்பாடி மேம்பாலம் ஏறி இறங்குகிற வண்டிக்கு நூறு என்றே வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் கிடைத்தால் சந்தோஷம். சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து மீட்டரில் 16 யூனிட் ஓடும். கமர்ஷியல் மீட்டரில் யூனிட் பத்து ரூபாய் என்று போட்டால் 160 ரூபாய், கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் அறுபது காசு. ஷோரூம்காரர் சொல்லும் ஒரு ரூபாய் வீட்டு மீட்டரில், குறைந்த ஸ்லாபில் வரும் கணக்கு. வீட்டு இணைப்பில் தொழில் வண்டிக்கு சார்ஜ் போட்டு ஈபிக்காரர் வந்து நின்றால் பதில் சொல்வது நீங்கள்தான்.

ஆக கிலோமீட்டருக்கு மிச்சம் நான்கு ரூபாய். 2.8 லட்சத்தை நான்கால் வகுத்தால் 70,000 கிலோமீட்டர். தினமும் 70 கிலோமீட்டர், வருஷத்துக்கு 300 நாள் என்றால் மூன்றேகால் வருஷத்தில் முதல் திரும்பிவிடும், அதற்கு மேல் வருவதெல்லாம் லாபம், ஆயில் சர்வீஸ் இல்லாதது தனி லாபம். ஆனால் தினமும் முப்பதுதான் ஓடுகிறீர்கள் என்றால் எட்டு வருஷம் ஆகும். அதற்குள் பேட்டரிக்கான உத்தரவாதமே முடியும் நேரம் வந்துவிடும். கம்மியாக ஓடுகிறவனுக்குத்தான் பேட்டரி வண்டி சரி என்று நிறைய பேர் நினைக்கிறார்கள், உண்மை அதற்கு நேர் எதிர். நிறைய ஓட வேண்டும், அதே சமயம் ஒரே வட்டத்துக்குள் ஓட வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் கட்டும்.

மானியம் பற்றி இரண்டு வார்த்தை. 2024 அக்டோபரில் தொடங்கிய பிஎம் இ-டிரைவ் என்ற மத்திய அரசு மானியத் திட்டத்தில் மூன்று சக்கர சரக்கு வண்டிக்கு இடம் இருந்தது, இந்தச் சின்ன நான்கு சக்கர வேன்களுக்கு இல்லை. வேனுக்கு "மானியம் போக" என்று யாராவது விலை சொன்னால் அது கம்பெனி தள்ளுபடி என்று புரிந்துகொண்டு இன்னும் கொஞ்சம் பேரம் பேசுங்கள். இன்னொன்று, "பெர்மிட்டே தேவையில்லை சார்" என்று பெரிய சலுகை மாதிரி சொல்கிறார்கள். மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத எந்தச் சரக்கு வண்டிக்கும் மோட்டார் வாகனச் சட்டப்படியே பெர்மிட் வேண்டாம், டீசல் குட்டி யானைக்கும் அதேதான். சாலை வரி விலக்கை மட்டும் விசாரியுங்கள். தமிழ்நாட்டில் அது 2025 டிசம்பர் 31 வரை என்று அறிவித்திருந்தார்கள். நீங்கள் வண்டி எடுக்கும் தேதிக்கு நிலவரம் என்ன என்று ஆர்டிஓ ஆபீஸில் கேட்டுவிட்டு ஆன்ரோடு விலையை எழுதி வாங்குங்கள்.

சார்ஜ் போடும் இடம்தான் என்னைப் பொறுத்தவரை பாதி முடிவு. சாதாரண 16 ஆம்ப் பிளக்கில் மணிக்கு மூன்று யூனிட் ஏறும். ஏஸ் ப்ரோவின் 14.4 யூனிட் பேட்டரிக்கு ஐந்து மணி நேரம், ஏஸ் ஈவியின் 21.3 யூனிட் பேட்டரிக்கு ஏழு மணி நேரம். ராத்திரி போட்டால் விடியற்காலை லைனுக்கு ரெடி. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை பகலில்தான் வரும், அதனால் இதைத் தொடாது. ஆனால் கோடையில் ராத்திரி எல்லார் வீட்டிலும் ஏசி ஓடி வோல்டேஜ் இறங்கும்போது எங்கள் ஆட்டோ சார்ஜர் தானாக நின்றுவிடும், காலையில் பார்த்தால் பாதிதான் ஏறியிருக்கும். எர்த் சரியாக இல்லாத பழைய கட்டடத்திலும் இதே ரோதனை. எலக்ட்ரீஷியனை வைத்துத் தனி ஒயர், தனி எம்சிபி, எர்த் குழி போடாமல் வண்டியை வாங்காதீர்கள். தெருவில் நிறுத்துகிறவர்கள், ஜன்னல் வழியாக ஒயர் விடலாம் என்று நினைக்கிறவர்கள் தயவுசெய்து டீசலிலேயே இருங்கள்.

வெயிலும் ஒரு விஷயம். தகர ஷெட்டில் நிறுத்திய வண்டியை மதியம் ஒரு மணிக்கு எடுத்து, லோடு ஏற்றி, உடனே சார்ஜில் போட்டால் பேட்டரி சூட்டைப் பார்த்து ஏற்றத்தைக் குறைத்துவிடும், சில சமயம் இழுவையும் குறையும். சாயங்காலம் வண்டி வந்ததும் ஒரு மணி நேரம் ஆறவிட்டு அப்புறம் பிளக் போட டிரைவரிடம் சொல்லியிருக்கிறேன். கேட்கிறான், பாதி நாள்.

சர்வீஸ் நிலவரம் சுமார்தான். எங்கள் ஆட்டோவில் சார்ஜர் ஒருமுறை போனது. கம்பெனி பெயர் வேண்டாம். பாகம் வரும்வரை வண்டி கொட்டகையில் கிடந்தது, டியூ மட்டும் தேதி தவறாமல் போனது. டீசல் வண்டி என்றால் ஆற்காடு ரோட்டில் எந்த மெக்கானிக்கிடம் தள்ளினாலும் சாயங்காலத்துக்குள் ஓட வைத்துவிடுவார். இதில் லேப்டாப்போடு ஆள் வர வேண்டும். இத்தனைக்கும் ராணிப்பேட்டை சிப்காட்டிலேயே 2021-ல் ஆம்பியர் ஸ்கூட்டர் தொழிற்சாலை வந்துவிட்டது, பேட்டரி வண்டி இந்தப் பக்கத்துக்குப் புதுசில்லை. சரக்கு வண்டிக்குத் தெரிந்த ஆள்தான் இன்னும் கம்மி. பழைய வண்டி விலையும் அப்படியே. விற்கப் போனால் புரோக்கர் முதலில் பேட்டரி எத்தனை வருஷம் என்றுதான் கேட்பார், சொன்னதும் முகம் மாறும்.

குடியாத்தத்தில் பேக்கரி வைத்திருக்கும் என் மச்சானும் இதே வேனைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் சரக்கு பேரணாம்பட்டு, ஆம்பூர், சில நாள் வேலூர் மண்டித் தெரு வரை போகிறது, எந்த நாள் எந்தப் பக்கம் என்று அவருக்கே காலையில்தான் தெரியும். "வேணாம் மச்சான், நீங்க பெட்ரோலே எடுங்க" என்று சொல்லிவிட்டேன். நான்கு வழிச் சாலை ஓரம் ஓட்டல்களில் இருக்கும் கார் சார்ஜரை நம்பியும் தொழில் செய்ய முடியாது. எல்லாச் சின்ன வண்டிக்கும் அது பொருந்தாது, பொருந்தினாலும் சரக்கு வைத்துக்கொண்டு கார்களுக்குப் பின்னால் காத்திருக்க யாருக்கு நேரம்?

என் லைன் சத்துவாச்சாரி, காந்தி நகர், சிஎம்சி சுற்றுவட்டம், பாகாயம். வட்டம் சின்னது, நடை அதிகம், பிளான்ட்டிலேயே மீட்டர். எனக்குக் கட்டும். கல்யாண மண்டப ஆர்டருக்கும் அணைக்கட்டு பக்கம் போவதற்கும் டீசல் வண்டியை எஃப்சி முடித்து வைத்துக்கொள்ளப் போகிறேன், இப்போதைக்கு அதை விற்கிற எண்ணம் இல்லை. ஷோரூமில் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறேன். டெமோ வண்டியை பிளான்ட்டுக்கு அனுப்புங்கள், 35 நிறை கேன் நான் ஏற்றுகிறேன், என் டிரைவர் ஒரு நாள் லைன் ஓட்டட்டும், சாயங்காலம் மீட்டரில் எத்தனை சதவீதம் நிற்கிறது என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் தருகிறேன். கேட்டுச் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள்.